மேற்படிப்பும் கோவை ஜாகையும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முனைவர் பட்டப் படிப்பு, விடுதி, உதவித்தொகை பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஊர் பெயரோடு மட்டும் போட்டிருக்கிறோம்.

மகள் எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டாள், 61 சதவீதம். பாரதியார் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர வேண்டும் என்கிறாள். மூன்று வருடத்தில் முடிந்துவிடுமா? நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதாமல் சேர முடியாதுங்களா? — வாசகர், கோபிசெட்டிபாளையம்

முடியுங்க, ஆனால் மூன்று வருடத்தை நம்பி மாப்பிள்ளை பார்க்கும் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ஒழுங்குமுறைப்படி, தொடக்கத்தில் படிக்கும் பாடங்களான கோர்ஸ் வொர்க்கும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டு, சேர்ந்த நாளிலிருந்து அதிகம் போனால் ஆறு ஆண்டு. அதற்குள் முடியாவிட்டால் மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு வாங்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு உண்டு, ஆகக் கூடிப் பத்து. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு மொத்தப் படிப்புக் காலத்தில் 240 நாள் வரை விடுப்பும் எடுக்கலாம். தாவரவியல் என்றால் நான்கரை, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு செடி பூக்கும் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான் அது மறுபடி பூக்கும். அதற்கு எந்த ஒழுங்குமுறையும் கிடையாது.

முதுகலையில் 55 சதவீதம் போதும்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயருக்குள் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலானோருக்கு ஐந்து சதவீதம் சலுகை. சேர இரண்டு வழி. ஒன்று நெட். 2024 ஜூன் தேர்விலிருந்து அதில் மூன்று படி இருக்கிறது: உதவித்தொகையோடு சேர்வோர், உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. தகுதியும் பெறுவோர், பிஎச்.டி. சேர மட்டும் தகுதி பெறுவோர். பின்னிரண்டு படிக்காரர்களின் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஒரு வருடம்தான் செல்லும், அதை மறந்துவிட்டு அடுத்த வருடம் வந்து நிற்கிறவர்கள் உண்டு. இன்னொன்று, பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தினால் அதை எழுதுவது. அதில் பாதி ஆய்வு நெறிமுறை, பாதி பாடம். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை போடுவார்கள். பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு ஆய்வு நெறிமுறையைத் தொடாமல் போவதுதான் வழக்கமான சறுக்கல்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் கைடு, அதாவது நெறியாளர். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. “வாம்மா, பாத்துக்கலாம்” என்று சொன்னவரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்க நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். கேட்டே ஆக வேண்டும். பழைய மாணவர் ஒருவருக்கு வாய்மொழித் தேர்வு முடியாத வரை அந்த இடம் காலியாகாது. வாய் வார்த்தையை நம்பி மற்ற விண்ணப்பங்களை விட்டுவிட்டு, கடைசியில் “இந்தத் தடவை இடமில்லை” என்று கேட்டுத் திரும்பியவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

கைடைப் பார்க்கப் போகும் முன் உங்கள் மகள் ஒரு காலைப்பொழுதை ஷோத்கங்கா தளத்தில் செலவிடட்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அதில் இலவசமாகக் கிடக்கின்றன. நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்கள் எத்தனை பேர், எந்த வருடம் முடித்தார்கள், எந்தத் தலைப்பில் என்று தெரிந்துவிடும். பதினைந்து வருடம் பணியில் இருந்தும் இரண்டே ஆய்வேடு இருந்தால் ஏன் என்று விசாரியுங்கள்; பத்தும் ஒரே தலைப்பில் ஊர் பெயர் மட்டும் மாறியிருந்தால் அதுவும் ஒரு சேதிதான். பிறகு அவரிடம் இப்போது இருக்கும் மாணவரைத் தனியாகப் பார்த்து, ரசாயனமும் கண்ணாடிப் பொருளும் யார் காசில் வாங்குகிறார்கள், எழுதிக் கொடுத்த அத்தியாயம் திரும்பி வர எத்தனை நாள் ஆகிறது என்ற இரண்டை மட்டும் கேட்டால் போதும். ஆய்வகத்தில் ஆய்வுத் திட்டப் பணம் இருந்தால் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் வேதிப்பொருளுக்கும் மாதிரிப் பரிசோதனைக்கும் வீட்டிலிருந்துதான் பணம் போகும்.

துறையில் சேர்வதா, பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரி ஒன்றில் சேர்வதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பட்டம் ஒன்றேதான். விடுதியும் கருவிகளும் வேறு. வேறு பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருந்தால் மைக்ரேஷன் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை நாளில் இல்லாமல் தவிப்பது அந்த ஒரு காகிதத்துக்காகத்தான்.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு ரூபாய் வரவில்லை. யாரைக் கேட்டாலும் “வரும்” என்கிறார்கள். — ஆய்வு மாணவர், பெருந்துறை

2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) 42,000. தொகை பெரிது, வருகிற வழி நீளம். மாதா மாதம் உங்கள் வருகையைப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். முதலாமவரை மேக்கர், இரண்டாமவரைச் செக்கர் என்கிறார்கள். ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதம் தொங்கும். “வரும்” என்கிறவரிடம் “என் பெயர் மேக்கரிடம் நிற்கிறதா, செக்கரிடம் நிற்கிறதா?” என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

இரண்டுமே முடிந்தும் வரவில்லை என்றால் வங்கிக் கணக்கில் கோளாறு. பணம் ஆதார் வழியாகப் போகும்போது, நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அதற்குப் போகும். பள்ளியில் படிக்கும்போது ஊரில் தொடங்கிய பழைய கணக்கில் பணம் விழுந்து கிடப்பதும், அந்தக் கணக்கு செயலற்றுப் போனதால் திரும்பிப் போவதும் சாதாரணம். வங்கியில் ஆதார் எந்தக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இரண்டு வருடம் முடிந்ததும் எஸ்.ஆர்.எஃப். தானாக ஆகாது. வெளி நிபுணர் ஒருவரும் உள்ள குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கான கடிதத்தை இரண்டு மாதம் முன்பே கைடிடம் கொடுத்துவிடுங்கள். விடுதியில் இடம் கொடுத்தும் வேண்டாம் என்று வெளியே தங்கினால் வீட்டு வாடகைப்படி போய்விடலாம். இடமில்லை என்றால் “விடுதியில் இடமில்லை” என்று வார்டனிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். எது எப்படியோ, முதல் ஆறு மாதச் செலவுக்குக் கையில் காசு இருந்தால்தான் நிம்மதி.

பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்யலாமா? ஆன்லைனில் முடித்துத் தருகிறோம் என்று ஒருவர் அழைக்கிறார். — வாசகி, தாராபுரம்

அந்த அழைப்பைத் துண்டித்துவிடுங்கள் அம்மிணி. தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் பிஎச்.டி. நடத்த யு.ஜி.சி. விதி இடம் தரவில்லை.

பகுதி நேரம் உண்டு. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கும் அளவுக்குத்தான் பணிச்சுமை இருக்கிறது என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற ஒப்புதல். “ஆட்சேபணை இல்லை” என்று ஒரே வரியில் வாங்கிப் போனால் திருப்பி அனுப்புவார்கள். கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீதம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் வேலையைச் சொல்ல வேண்டும், பகுதி நேரத்துக்கும் அதே விதிதான். தாராபுரத்திலிருந்து கோவை போய் வருவதற்கே அரை நாள் ஆகும். உடுமலை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் இணைவுக் கல்லூரிகளில் உங்கள் பாடத்துக்கு நெறியாளர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

தமிழ் இலக்கியத்தில் ஆய்வேடு முடிந்தது. ஒப்புமைச் சோதனையில் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்ப்பது) ஒரு முறை 2 சதவீதம், யூனிகோடுக்கு மாற்றிய பின் 34 சதவீதம் காட்டுகிறது. எது உண்மை? — ஆய்வு மாணவி, பொள்ளாச்சி

இரண்டாவதுதான். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. அதை எதனோடு ஒப்பிட்டாலும் பொருந்தாது, அதனால் 2 வந்தது. அதை நம்பிச் சமர்ப்பித்தால், ஏட்டைத் திறந்து பார்க்கும் தேர்வாளரிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

கருத்துத் திருட்டைத் தடுக்கும் யு.ஜி.சி.யின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஒரு வருடம் சமர்ப்பிக்கத் தடை. அதற்கும் மேல் பதிவே ரத்து. ஆனால் உங்கள் 34-இல் எவ்வளவு உண்மையான ஒப்புமை என்று பிரித்துப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் இடம் சுட்டிய பாடல் அடிகள், துணைநூற் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தற்செயலாக ஒத்துப்போகும் பதினான்கு சொல் வரையிலான தொடரும் கணக்கில் வராது. சங்கப் பாடல்களை மேற்கோள் குறி இல்லாமல் உள்தள்ளி மட்டும் போட்டிருந்தால் மென்பொருள் அதை உங்கள் சொந்த வாக்கியமாக எண்ணிக்கொள்ளும். குறி போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெருவாரியாகக் குறையும். குறையாமல் நிற்பது பழைய உரையாசிரியர்களின் உரையையும் பதிப்பு முன்னுரைகளையும் சொல் மாற்றாமல் எழுதிய பகுதிகளாக இருக்கும். அதை நீங்களே மறுபடி எழுதத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

எழுத்துரு மாற்றியதும் ஒரு வேலை பாக்கி. ‘கௌரவம்’, ‘மௌனம்’ போன்ற சொற்களில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். பார்த்தால் வித்தியாசமே தெரியாது, தேடினால் அகப்படாது. துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருப்பதும் இப்படித்தான். அத்தியாயம் அத்தியாயமாகத் தேடி மாற்றுங்கள். இப்போதுதான் தொடங்குகிறவர்கள் முதல் வரியிலிருந்தே யூனிகோடில் அடித்தால் இந்தத் தலைவலியே இல்லை.

8,000 ரூபாய் கட்டினால் மூன்றே நாளில் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் பன்னாட்டுத் தரவுத்தளம்) பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வரும் என்று மின்னஞ்சல் வந்தது. கட்டலாமா? — ஆய்வு மாணவர், திருச்செங்கோடு

கட்டாதீங்க. மூன்று நாளில் எந்த மதிப்பாய்வும் நடக்காது. நல்ல இதழின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே வைத்துப் போலித் தளம் நடத்துகிறவர்கள் நிறைய. அவர்கள் அனுப்பும் இணைப்பை அழுத்தாமல், ஸ்கோபஸ் தளத்தில் நீங்களே இதழின் பதிவு எண்ணைப் போட்டு, எந்த வருடம் வரை அது பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். பாதியில் நீக்கப்பட்ட இதழ்களின் பெயரில்தான் வியாபாரம் ஜாஸ்தி. யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் பட்டியலான கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டது. “கேர் இதழ்” என்று யாராவது இன்னும் விற்றால் அது பழைய சரக்கு. 2022 ஒழுங்குமுறை கட்டுரை வெளியிடுவதைக் கட்டாயமாக்கவும் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்பதை மட்டும் ஆய்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளாண் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. உழவியல். வயல் ஆய்வை எங்கள் சொந்தத் தோட்டத்திலேயே போடலாமா? எவ்வளவு இடம் வேண்டும்? — மாணவர், காங்கேயம்

ஆலோசனைக் குழு ஒப்புக்கொண்டால் விவசாயி நிலத்தில் போடலாம். இடக் கணக்கு இப்படி. ரேண்டமைஸ்டு பிளாக் முறையில் (நிலத்தைப் பிளாக் என்ற தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லாச் சோதனையையும் குலுக்கிப் போடுவது) பிழைக்கான சுதந்திரப் பாகை (தற்செயல் வேறுபாட்டை மதிப்பிட உதவும் எண்) 12-க்குக் குறையக் கூடாது என்பது பொது வழக்கம். ரெப்ளிகேஷன் (ஒரே சோதனையைத் திரும்பப் போடும் தடவை) எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, டிரீட்மென்ட் (ஒப்பிட்டுப் பார்க்கும் வகைகள்) எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, இரண்டையும் பெருக்குங்கள். மூன்று ரெப்ளிகேஷன் என்றால் ஏழு டிரீட்மென்ட்: இரண்டை ஆறால் பெருக்க 12. நான்கு என்றால் ஐந்து டிரீட்மென்ட்டே போதும். மூன்றுக்கு ஏழு என்றால் 21 பாத்தி. ஒரு பாத்தி 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் 420 சதுர மீட்டர், கிட்டத்தட்டப் பத்தரை சென்ட். வாய்க்கால், வரப்பு, சுற்று வரிசை எல்லாம் சேர்த்துப் பதினைந்து சென்ட் ஒதுக்குங்கள். சரிவு எந்தப் பக்கமோ அதற்குக் குறுக்கே பிளாக்கைப் போடுங்கள். மேட்டுப் பக்கமும் பள்ளப் பக்கமும் ஒரே பிளாக்கில் விழுந்தால் மண் வித்தியாசம் டிரீட்மென்ட் வித்தியாசம் போலக் காட்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் போட வேண்டும். நம் தோட்டம் என்பதால் அப்பா “நல்ல மருந்தைக் கிணத்துப் பக்கம் போடு” என்பார், கேட்காதீர்கள்.

விதைக்கும் முன்பே மண் எடுத்துவிட வேண்டும். இந்த ஒன்றை விட்டால் பிறகு ஈடு செய்ய முடியாது. மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ போல 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, ஓரத்துச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் சீவி எடுங்கள். வரப்பு ஓரம், எரு கொட்டிய இடம், மரத்தடி வேண்டாம். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்ததைக் கலந்து நான்காகப் பிரித்து, எதிர் எதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் உலர்த்துங்கள்.

காங்கேயத்தில் போடுவதில் இரண்டு சங்கடம். செடி மாதிரியை வெட்டியவுடன் பச்சை எடை பார்க்க வேண்டும், கோவைக்கு எடுத்துப் போவதற்குள் வாடிவிடும். தராசு தோட்டத்திலேயே இருக்க வேண்டும். அடுத்தது மயில். மக்காச்சோளமோ நிலக்கடலையோ விதைத்த முதல் இரண்டு வாரம் காலையிலும் சாயங்காலமும் ஆள் நிற்காவிட்டால் பாத்திக்குப் பாத்தி செடி எண்ணிக்கை மாறிப்போய் ஆய்வே வீண். மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, தொடக் கூடாது. மேலே வலை கட்டுங்கள். இரண்டு வருடப் படிப்பில் பருவம் தவறினால் சமாளிக்க இடமே இல்லை என்பதால், தலைப்பை முதல் செமஸ்டரிலேயே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை இன்னும் நடக்கிறது. அந்தப் பொறுமை பல்கலைக்கழகத்துக்கு இருக்கலாம், உங்களுக்கு நான்கே செமஸ்டர்.

மகன் பாரதியாரில் முதுகலை சேர்ந்திருக்கிறான். விடுதியா, வெளியே அறையா? யானை வரும் என்கிறார்களே? — வாசகி, அந்தியூர்

வருங்க. மருதமலை அடிவாரம், காட்டை ஒட்டிய வளாகம், யானை நடமாட்டம் புதிதல்ல. இருட்டிய பிறகு வளாகத்துக்குள் தனியாக நடப்பது, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது இரண்டும் கூடாது. சாப்பாட்டு மிச்சத்தையும் பழத்தோலையும் அறை ஜன்னலுக்கு வெளியே எறியக் கூடாது. காவலாளி “இந்தப் பக்கம் போகாதீங்க” என்றால் வாதாடாமல் திரும்பிவிட வேண்டும், அவருக்குக் காலையிலேயே தகவல் வந்திருக்கும்.

முதல் வருடம் விடுதியே நல்லது. மெஸ் பல இடங்களில் டிவைடிங் முறை: அந்த மாத மொத்தச் செலவை எல்லோருடைய சாப்பாட்டு நாட்களால் வகுப்பார்கள். நிறையப் பேர் ஊருக்குப் போன மாதத்தில் நாள் கட்டணம் ஏறும். ஊருக்குப் போகும்போது முன்கூட்டி எழுதிக் கொடுத்தால்தான் கழிப்பு கிடைக்கும், எத்தனை நாள் தொடர்ந்து இல்லாவிட்டால் கழிப்பு என்பதை முதல் நாளே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

வெளியே என்றால் கல்வீரம்பாளையம், வடவள்ளி பக்கம் மாணவர்கள் தங்குகிறார்கள். அட்வான்ஸ் எத்தனை மாதம், காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், சப் மீட்டரில் யூனிட்டுக்கு எவ்வளவு என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரு பதில், பக்கத்து வீட்டில் கேட்டால் இன்னொரு பதில் கிடைக்கும், பின்னதை நம்புங்கள்.

காந்திபுரத்திலிருந்து மருதமலை போகும் 70-ஆம் எண் பேருந்து லாலி ரோடு, வடவள்ளி வழியாகப் பல்கலைக்கழக வாசலிலேயே நிற்கும். தைப்பூசத்தன்று அதில் ஏற முடியாது, அன்றைக்குத் தேர்வு இருந்தால் விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும். அந்தியூருக்குத் திரும்ப ஈரோடு, கோபி வழி என்பதால் காந்திபுரம் பேருந்து நிலையமே போதும். உக்கடம் பொள்ளாச்சிப் பக்கத்துக்கு, சிங்காநல்லூர் கரூர், திருச்சி, மதுரைப் பக்கத்துக்கு.

ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படிக்க நாற்பது டாலர் கேட்கிறது. என்ன செய்வது? — ஆய்வு மாணவி, ஈரோடு

காசு கொடுக்க வேண்டாம். 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. வளாக இணையத்தில் இருந்தால் நேரே திறக்கும். வீட்டிலிருந்து படிக்க நூலகத்தில் இன்ஃபெட் (வளாகத்துக்கு வெளியிலிருந்தும் இதழ்களைத் திறக்கும் உள்நுழைவு) கணக்கு கேளுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி இருந்தால் வேலை சுலபம். அதிலும் இல்லாத கட்டுரையைக் கட்டுரையாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.